அரை சதவீதச் சர்க்கரை

அக்டோபர் 3, வியாழன்

மூன்றாவது முறையாக ஆரம்பிக்கிறேன். முதல் முறை தட்டுகளில் பூஞ்சை. இரண்டாம் முறை பாதியில் கண்ணாடி ஊசி உடைந்து, புது ஊசி வர ஐந்து வாரம் ஆனது. இந்த முறையும் ஏதாவது ஆனால் நான் மைக்ராஸ்கோப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசிவிட்டு ஊருக்குப் போய்விடுவேன். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வேலை இதுதான். ஈஸ்ட் செல் ஒன்று, பக்கவாட்டில் மொட்டுவிட்டு இன்னொரு செல்லை ஈனும். பெரியது தாய், சின்னது மகள். மகளை ஊசி முனையால் தள்ளிப் பிரித்து ஓரமாக ஒதுக்கிவிட்டு, தாளில் ஒரு கோடு போட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த மகள். இப்படித் தாய் சாகும்வரை எண்ணினால் அதுதான் அதன் ஆயுள். சர்க்கரையைக் குறைத்து வளர்த்தால் தாய் இன்னும் சில மகள்களைக் கூடுதலாகப் பெற்றுவிட்டுத்தான் சாகும் என்று எங்கள் கைடு ஞானசுந்தரம் சார் பதினோரு வருஷம் முன்பே எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். அதே ஆய்வகத்தில், அதே ஈஸ்டில், அதை மறுபடி காட்ட எனக்கு ஐந்து வருஷம் ஆகிறது.

நான்கு தட்டு. ஒவ்வொன்றிலும் இருபது தாய், வரிசையாக. இரண்டு தட்டில் வழக்கமான இரண்டு சதவீதச் சர்க்கரை, இரண்டில் அரை சதவீதம். எது எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கண் ஆசைப்படும். அதனால் ஜூனியர் ஷாகுல் தட்டு ஊற்றி, மூடியில் க, ங, ச, ஞ என்று எழுதி, விவரத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறான்.

“அடிப்பக்கம் எழுதக் கூடாதாடா? முதல் வருஷப் பிள்ளைகளுக்கே மூடியில எழுதாதன்னு சொல்லிக் குடுக்கோம்.”

“அடியில எழுதினா லென்ஸ் முன்னாடி எழுத்துதான்க்கா தெரியும். செல் தெரியாது.”

அவன் சொல்வதும் சரிதான்.

அக்டோபர் 4

காலை ஆறு முதல் பத்தரை வரை மைக்ராஸ்கோப் எனக்கு. அதன்பிறகு பக்கத்து ஆய்வகத்தாருக்கு. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு மகள், மிஞ்சினால் மூன்று. மீதி நேரம் தட்டுகள் ஃபிரிட்ஜில் உறங்கும். எனக்கு அந்த வசதி இல்லை.

என் மகள் இனியா போனில் வரவில்லை. தூங்கிவிட்டாளாம். மணி ஏழரைதான்.

அக்டோபர் 5, சனி

கரண்ட் போனது. ஜெனரேட்டர் நிர்வாகக் கட்டிடத்துக்கு மட்டும். அங்கே சனிக்கிழமை யாரும் இல்லை, மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

அக்டோபர் 7, திங்கள்

எனக்கு வேலை கொடுத்திருக்கும் ராஜபாளையம் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல். ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும், தீசிஸ் ஒப்படைத்த சான்று கையில் இருக்க வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்த எண்ணிக்கை அக்டோபர் கடைசியில் முடியும். நவம்பரில் எழுதலாம். டிசம்பரில் சார் திருத்துவார், சிவப்பு மையில் என் இங்கிலீஷைக் கொலை செய்வார், ஒப்படைக்கலாம். ஜனவரியில் ராஜபாளையத்தில் வீடு. அங்கிருந்து சங்கரன்கோவில் ஒரு மணி நேரம். இனியாவைக் கூட்டி வந்துவிடலாம். ஆராய்ச்சி மாணவியர் விடுதியில் குழந்தைக்கு இடமில்லை என்று வார்டன் சொன்னதால் இரண்டு வயதில் அவளை மதினி வீட்டில் விட்டேன். இப்போது நாலரை. அவளுடைய அப்பா குஜராத்தில் காற்றாலைக் கம்பத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூர், சங்கரன்கோவில், கட்ச் என்று மூன்று பேருக்கு மூன்று ஊர்.

ஒரு நாள்கூட இடறக் கூடாது.

அக்டோபர் 9, புதன்

ங தட்டில் ஏழாம் எண் செத்துவிட்டது. பன்னிரண்டு மகள்கள். தாளில் ஒரு பெருக்கல் குறி. க தட்டு கொஞ்சம் மந்தம், அரை மணி நேரம் பிந்தித்தான் மொட்டு விடுகிறது, ச தட்டும் ஓரளவு அப்படித்தான். க, ச இரண்டும் குறைந்த சர்க்கரையாக இருக்கலாம். இப்படி நினைக்கவே கூடாது. நினைத்துவிட்டேன்.

சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் ஈஸ்ட் அதை ஒழுங்காக எரிக்காது. அவசர அவசரமாக விழுங்கிச் சாராயமாக மாற்றிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறக்கும். குறைத்துக் கொடுத்தால்தான் ஆக்சிஜனை வைத்து நிதானமாக, மிச்சமில்லாமல் எரிக்கும், பழுதானதைச் சரிபார்க்கும். இதை மயிலக்காவுக்கு விளக்கினேன். மயிலாத்தாள் எங்கள் ஆய்வக உதவியாளர், இருபது வருஷ சர்வீஸ்.

“அதெல்லாஞ் செரிங்க அம்மிணி. அரவயிறு போட்டு வெச்சுட்டு, இன்னும் புள்ளையப் பெறு, இன்னும் பெறுன்னு பக்கத்துலயே உக்காந்து எண்ணுனா எப்புடிங்க? அதுவும் ஒரு சீவன்தானுங்களே.”

தாய் செல்லைப் பற்றி இன்னொன்றும் சொன்னேன். அது தன் உடம்பில் சேர்ந்த கசடையெல்லாம் தன்னிடமே நிறுத்திக்கொண்டு மகளைப் புத்தம் புதிதாக அனுப்பும். அதனால்தான் தாய் கிழடாகிறது, மகளுக்குக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மயிலக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, “அது எல்லாப் பக்கமும் அப்புடித்தானுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை, விடுமுறை. அதனால் இன்று மாலையே ஆய்வகத்தில் பூஜை. காலையிலிருந்தே ஒரே கழுவல். மைக்ராஸ்கோப்புக்கு மாலை, சென்ட்ரிபியூஜுக்கு வாழைக்கன்று, ஆவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்கு விபூதிப் பட்டை. மூன்று நாளைக்கு எதையும் தொடக் கூடாது. என் எண்பது தாய்களுக்கும் நான்கு டிகிரியில் விடுமுறை. வேறு வழியில்லை என்று சாரும் ஒப்புக்கொண்டார்.

மயிலக்கா பக்தி மிகுந்து ஃபிரிட்ஜுக்குள்ளும் போயிருக்கிறார். நான்கு மூடியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். எழுத்து பாதி மறைந்துவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மறுபடி எழுதினேன். பொரி, சுண்டல். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு. சங்கரன்கோவில்

இனியா என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக வந்து என் பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். சாயங்காலத்துக்குள் பழகிவிட்டாள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது. அவள்மேல் இல்லை.

மதினி சாப்பாடு பரிமாறும்போது சொன்னார்: “கோமதி, கோவிச்சுக்கிடாத. ஜனவரில கூட்டிட்டுப் போறன்னு பிள்ளைட்ட சொல்லிட்ட. அத நெசமா செஞ்சுரு. போன வருஷமும் சொன்ன. அது கேட்டுக் கேட்டு எனக்குப் பதில் சொல்ல முடியல.”

“இந்தத் தடவ கண்டிப்பா மதினி.”

“சரி, அப்பம் நல்லது.”

அக்டோபர் 14, திங்கள்

ங தட்டில் ஏழாம் எண் செத்ததாகக் குறித்திருக்கிறேன். இன்று பார்த்தால் மகளோடு நிற்கிறது. தூக்கக் கலக்கத்தில் தப்பாகக் குறித்திருப்பேன். கறுப்பு மையால் நன்றாக அடித்துவிட்டு மேலே திருத்தினேன். ச தட்டிலும் இரண்டு இடம் அப்படி.

க தட்டின் மந்தம் போயே போய்விட்டது. ஃபிரிட்ஜில் மூன்று நாள் ஓய்வு போலும். கொடுத்து வைத்தவை.

அக்டோபர் 15

மேலும் இரண்டு திருத்தம். நான் எப்போது இவ்வளவு கவனக்குறைவாக ஆனேன்? ஷாகுலிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

இனியாவுக்குக் காய்ச்சல். மதினி மூன்றாம் நாள்தான் சொன்னார், “நீ அங்க இருந்து என்ன செய்யப் போற, அதான்.” நான் இங்கே இருந்து நாற்பத்திரண்டு மகள்களைப் பிரித்து ஓரமாகத் தள்ளினேன். காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

அக்டோபர் 21, திங்கள்

மளமளவென்று சாகின்றன. க-வில் ஆறு, ங-வில் எட்டு, ச-வில் ஏழு, ஞ-வில் ஏழு. தட்டுக்குத் தட்டு ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது? நினைக்கக் கூடாது. நினைக்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

கடைசித் தாய் செத்தது. ஞ தட்டு, பதினாறாம் எண், முப்பத்து மூன்று மகள்கள். நின்று ஒரு கும்பிடு போட்டேன். மயிலக்காவிடம், எல்லாம் முடிந்துவிட்டது, ஃபிரிட்ஜில் என் தட்டு அடுக்கை எடுத்துவிடலாம் என்று போனில் சொன்னேன். இனி அந்தத் தட்டுகளின் முகத்தில் விழிக்க வேண்டாம்.

அக்டோபர் 28, திங்கள்

உறையைப் பிரித்தோம். க, ச குறைந்த சர்க்கரை. ங, ஞ வழக்கமான சர்க்கரை. என் ஊகம் சரி.

குறைந்த சர்க்கரை, சராசரி 24.1 மகள்கள். வழக்கமான சர்க்கரை, சராசரி 23.8.

வித்தியாசமே இல்லை. ஐந்து வருஷம், மூன்று முறை, எண்பது தாய், கிட்டத்தட்ட இரண்டாயிரம் மகள்கள். பூஜ்யம்.

கழிப்பறையில் போய் அழுதேன். அங்கேயும் தண்ணீர் வரவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய். காலை

சார் எண்ணிக்கைத் தாள்களை மேசையில் பரப்பி அரை மணி நேரம் பார்த்தார். பிறகு பேனா முனையால் ஓர் இடத்தைத் தட்டினார்.

“இங்க பாரும்மா. பத்தாந்தேதி வரைக்கும் க மந்தம். பதினாலுலேர்ந்து அதுவே வேகம். ங அப்படியே நேர்மாறு. தட்டு மாறிப்போச்சு. லீவுக்கு முன்னாடி மூடியில ஏதாவது செஞ்சியா?”

செய்ததைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கால்குலேட்டரை எடுத்தார். லீவுக்குப் பிறகு க-வையும் ங-வையும் மாற்றிப் போட்டார், ச-வையும் ஞ-வையும் மாற்றிப் போட்டார். கூட்டினார். குறைந்த சர்க்கரை 27.4, வழக்கமான சர்க்கரை 20.6.

“வந்துருச்சு பாத்தியா. அப்படியே நம்ம பழைய பேப்பர். மாத்தி எழுதிக்கோ. ஒரு வார்த்தை எங்கேயும் சொல்ல வேண்டியதில்ல. டிசம்பர்ல சப்மிட் பண்ணிரலாம்.”

எனக்கு உயிரே வந்தது. இதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

அதே நாள், மாலை

ஷாகுலிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். “அக்கா, அந்த ரெண்டு ஜோடிதான் மாறுச்சுன்னு எப்படித் தெரியும்? நாலு மூடி. க போய் ஞ-ல உக்காந்திருக்கலாம். மூணு மட்டும் சுத்தியிருக்கலாம். செத்தது எது, உயிரோட இருக்கறது எதுன்னு பொருத்திப் பாத்தா தெரிஞ்சிரும். தாள்ல இருக்குமே.”

தாளில் இருந்தது. ஐந்து இடம். ஐந்தையும் நானே கறுப்பு மையால் அடித்திருக்கிறேன். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம், பின்பக்கம் திருப்பிப் பார்த்தோம். ங தட்டின் ஏழாம் எண் எனக்கு நினைவிருக்கிறது, இந்தக் குறிப்பில் எழுதியிருந்ததால். மற்ற நான்கும் தெரியவில்லை, அது ஒன்று மட்டும் போதாது. நன்றாக அடித்திருக்கிறேன், என்ன ஒழுங்கு.

பிறகு ஷாகுலுக்கு இன்னொரு யோசனை. சாருக்குச் சர்க்கரை வியாதி, மேசை இழுப்பறையில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருக்கிறது. தட்டுகளில் இருக்கும் ஜெல்லியை உருக்கி ஒரு சொட்டு வைத்தால் துல்லியமாக இல்லாவிட்டாலும் எதில் அதிகம், எதில் குறைவு என்று காட்டிவிடும். சர்க்கரையைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று ஊருக்குச் சொன்ன மனுஷனின் மீட்டர், ஒரு தடவையாவது உதவட்டும். இருவரும் ஃபிரிட்ஜுக்கு ஓடினோம்.

அடுக்கு காலியாக இருந்தது.

மயிலக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “நேத்தே ஆட்டோகிளேவுல போட்டுக் கொட்டிட்டனுங்க. தீவாளி லீவுக்கு முன்னால எல்லாஞ் சுத்தமா இருக்கோணுமில்ல. நீங்கதானுங்க அம்மிணி எடுத்துறச் சொன்னீங்க.”

நான்தான் சொன்னேன். யாரையாவது திட்டலாம் என்றால் எல்லா வழியும் என்னிடமே வந்து நிற்கிறது.

அக்டோபர் 30, புதன்

நேற்று சார் சொன்னபடி வரைபடம் போட்டேன். இரண்டு கோடுகளும் பதினைந்தாவது மகள்வரை சேர்ந்தே போய், பிறகு அழகாகப் பிரிகின்றன. ஐந்து வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட படம். சார் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பத்துக்கு எட்டு, உண்மைதான். மற்ற மாற்றங்களையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் வித்தியாசம் மூன்று மகள். ஒன்றில் ஒன்றரை. எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் தருகிற ஏற்பாட்டைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அது பெரிய வித்தியாசம் தருகிறது என்பதற்காகவே.

பத்தாம் தேதி நடந்ததை இங்கேயே நான் முழுசாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஸ்பிரிட் பஞ்சை எடுத்தபோது இனியா வீடியோவில் இருந்தாள். புதுப் பாவாடையைக் காட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள். போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டே நான்கு மூடியையும் கழற்றினேன், துடைத்தேன், காயவைத்தேன், மூடினேன். க, ங, ச, ஞ என்று வரிசையாக எழுதினேன். தட்டுகள் அதே வரிசையில் இருந்தனவா என்று பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம்.

சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். இதை எழுத முடியாது, மறுபடி எண்ண வேண்டும், ஆறு மாத நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் கொண்டுவந்திருக்கிறேன் என்று.

“உனக்கு ஜனவரில வேலை இருக்கே.”

“ஆமா சார்.”

“குழந்தை?”

விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“நான் சொல்றது பொய்யில்லம்மா. அதுதான் நடந்திருக்கும்.”

“இருக்கலாம் சார். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

அவர் விண்ணப்பத்தை எடுத்தார். ‘காரணம்’ என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்தார், ‘என் கவனக்குறைவால் தட்டுகளின் அடையாளம் மாறிவிட்டது’. அதை அடித்துவிட்டு ‘மின்தடை’ என்று எழுதச் சொன்னார். அடிக்க மாட்டேன் என்றேன். இந்த மாதம் அடித்ததே போதும். கையெழுத்துப் போட்டு மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிவிட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் நேர்மையானவள் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ராஜபாளையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. வாழ்த்துகளாம்.

நவம்பர் 1, வெள்ளி. சங்கரன்கோவில்

நேற்று தீபாவளி. நேற்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. இன்று மத்தியானம் மதினியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. “பிள்ளைட்ட நீயே சொல்லிக்க. நான் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

இனியா முற்றத்தில் வெடிக்காத சரவெடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அம்மாவுக்கு வேலை முடியவில்லை, ஜனவரியில் கூட்டிப் போக முடியாது, ஜூன் மாதம்தான்.

“ஜூன்னா எப்பம்?”

“வெயில் லீவு முடிஞ்சதும்.”

“ஏன் முடியல?”

“நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். மொதல்லேருந்து செய்யணும்.”

யோசித்தாள். “எங்க மிஸ்ஸும் அழிச்சுட்டு மறுபடி எழுதச் சொல்வாங்க” என்றாள்.

அழுவாள் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டைப்பையை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கவுன், புதுப் பாவாடை, ஒரு துண்டு, பல் பிரஷ், எல்லாம் அவளே மடித்தது. எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அத்தையின் பீரோவில் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். பாவாடைக்கு இடம் மேல் தட்டில். எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை.

“அம்மா, நீ வைய்யி” என்று என்னிடம் நீட்டினாள்.

வாங்கி வைத்தேன்.